பெயர் மாற்றும் பேட்சைத் தட்டிக்கழிக்காதீர்கள்: கிட் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று வரலாறு வைக்கும் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் மூலநிரலைப் பராமரிக்கிறவர்களுக்கும், அதற்கு வரும் பேட்ச்களை, அதாவது மாற்றங்களை, ரிவ்யூ செய்கிறவர்களுக்கும், கூடவே மற்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களை எழுதிக்கொண்டிருக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு வேரியபிளின் பெயரை மாற்றுவதைப் பற்றி முழு மடலா என்று கேட்பீர்கள். ஆமாம், முழு மடல்தான், கொஞ்சம் நீளமாகவும் போகும். பெயர் மாற்றும் பேட்ச் ஒன்று வந்தால், எந்தத் திட்டமாக இருந்தாலும் கிடைக்கிற பதில் ஏறக்குறைய ஒன்றேதான்: இதனால் என்ன லாபம், ஓடுகிற கோடில் கைவைக்காதே, பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கட்டளை) கெட்டுப்போகும், மற்றவர்கள் பேட்ச் எல்லாம் முட்டிக்கொள்ளும். இதில் முதல் இரண்டும் வெறும் சோம்பல். நான்காவது நிஜமான பிரச்சினை, அதற்குப் பின்னால் வருகிறேன். மூன்றாவதைச் சொல்ல ஊரில் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது, உங்களுக்கு மட்டும் கிடையாது. பிளேம் நீங்கள் எழுதிய கட்டளை, அது கெட்டுப்போனால் சரிசெய்யவேண்டியதும் நீங்கள்தான்.

உங்கள் கோடிங் வழிகாட்டியில் ஒரு பகுதி இருக்கிறது. நடை விதிக்குப் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் பழைய கோடைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், உருப்படியான ஒரு மாற்றத்துக்கு முன்வேலையாகச் சுத்தம் செய்தால் நல்லது, ஒருமுறை உள்ளே வந்துவிட்ட கோடை அழகுபடுத்த ஒரு பேட்ச் போடும் அளவுக்கு அது தகாது என்பது அதன் சாரம். எனக்கு இதில் சண்டையே இல்லை. அடைப்புக்குறி எந்த வரியில் வரவேண்டும், டேபா ஸ்பேஸா என்பதற்கெல்லாம் கமிட் (வரலாற்றில் பதியும் ஒரு மாற்றம்) போடுகிறவர்களைப் பார்த்து எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் பெயரையும் இதே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஸ்பேஸ் தப்பான இடத்தில் இருந்தால் யாரும் ஏமாறுவதில்லை. பெயர் தப்பாக இருந்தால் படிக்கிறவன் ஏமாறுகிறான், ஏமாந்தபடியே அடுத்த வரியை எழுதுகிறான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பொய் சொல்லும் பெயரை மாற்ற வருகிற பேட்சை மற்ற அழகுவேலைகளோடு சேர்க்காமல் ஒரு பக் திருத்தமாகவே பாருங்கள். வெறுமனே பிடிக்காத பெயரை மாற்ற வருகிற பேட்சை இப்போது போலவே திருப்பி அனுப்புங்கள். மெர்ஜில், அதாவது இரண்டு பேரின் மாற்றங்களை ஒன்றுசேர்க்கும்போது, வரும் தொல்லையைக் காட்டி இரண்டையும் சேர்த்து மறுக்காமல், அந்தத் தொல்லையைக் கருவியின் தலையில் இறக்குங்கள்.

பொய் சொல்லும் பெயர் என்றால் என்ன என்பதற்கு உங்கள் வீட்டு உதாரணமே போதும். 2005 ஏப்ரலில் கிட்டைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய முதல் கமிட்டிலிருந்தே ‘ஷா1’ என்பது ஒரு வேரியபிளின் பெயராகவும் இருந்தது, ஒரு ஹாஷ் முறையின், அதாவது உள்ளடக்கத்திலிருந்து அடையாள எண் செய்யும் முறையின், பெயராகவும் இருந்தது. ‘அன்சைன்ட் கேர் ஷா1[20]’ என்று நூற்றுக்கணக்கான இடங்களில். அன்றைக்கு அதில் ஒரு பொய்யும் இல்லை. கிட் ஒரு பொருளை அடையாளம் காண்பது ஷா1 வழியாகத்தான், அது 20 பைட்தான், பதினாறடிமானத்தில் எழுதினால் 40 எழுத்துதான். சிக்கல் என்னவென்றால், பெயர் அந்தப் பொருள் எதற்கு என்று சொல்லவில்லை, எதனால் செய்தது என்று சொன்னது. செய்முறை மாறும் நாள் வந்தால் பெயர் பொய்யாகிவிடும், அதோடு அந்தப் பெயரை நம்பி ஆங்காங்கே யாரோ எழுதிவைத்த 20, 40 என்ற எண்களும் பொய்யாகிவிடும்.

அந்த நாள் வந்தது. 2017 பிப்ரவரியில் ஒரே ஷா1 மதிப்பைத் தரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் ஃபைல்களை ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள், இனி அந்த முறையை நம்ப முடியாது என்றாகிவிட்டது. ஆனால் உங்கள் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 2015இல் ‘ஆப்ஜெக்ட்_ஐடி’ (சுருக்கமாக ‘ஓஐடி’) என்ற ஸ்ட்ரக்ட், அதாவது சேர்த்துக் கட்டிய தரவு வகை, உள்ளே வந்தது, அப்புறம் ஆண்டுக்கணக்கில், ஃபைல் ஃபைலாக, ஃபங்ஷன் ஃபங்ஷனாக, ‘ஷா1’ என்று இருந்ததெல்லாம் ‘ஓஐடி’ ஆனது. ‘கெட்_ஷா1’ போய் ‘கெட்_ஓஐடி’ வந்தது. அந்த கமிட்களை இப்போது எடுத்துப் படித்தால் முக்கால்வாசி அலுப்புத் தட்டும். ஒரே மாதிரி மாற்றம், நடுநடுவே ‘.ஹாஷ்’ என்று ஒரு ஒட்டு. ஆனால் அந்த அலுப்பான வேலையில்தான் எங்கெங்கே 20 என்று நேரடியாக எழுதியிருந்தார்கள், எங்கெங்கே 40 எழுத்து எண்ணி வெட்டினார்கள், எங்கே மெமரியில் அடுத்தடுத்து 20 பைட் தாவினார்கள் என்பதெல்லாம் வெளியே வந்தது. 2020 அக்டோபரில் வந்த கிட் 2.29இல் 32 பைட் கொண்ட ஷா256 என்ற புதிய ஹாஷ் முறை சோதனை நிலையில் வேலை செய்தது என்றால், அதற்கு முன்னால் வருடக்கணக்கில் நடந்த பெயர்மாற்றமும் டைப் மாற்றமும்தான் அதற்குப் பாதை போட்டவை. அந்த பேட்ச்களில் ஒன்றைத் தனியாக எடுத்து ‘இதனால் என்ன லாபம்’ என்று கேட்டிருந்தால் பதில் சொல்ல முடிந்திருக்காது. நல்லவேளை, யாரும் அந்தக் கேள்வியைப் பிடித்துத் தொங்கவில்லை.

இதே இடத்தில் எதிர்மறை உதாரணமும் இருக்கிறது, ஒரே ஃபைலில் இரண்டும். ‘ஷா1_ஃபைல்.சி’ என்ற ஃபைலின் பெயரில் இருந்த கீழ்க்கோடு 2018இல் இடைக்கோடாக மாறியது, மற்ற ஃபைல்களோடு ஒத்துப்போக. அப்புறம் 2021 வாக்கில் அதே ஃபைல் ‘ஆப்ஜெக்ட்-ஃபைல்.சி’ ஆனது, ஏனென்றால் அதற்குள் இருந்தது ஷா1 சமாச்சாரம் மட்டும் அல்ல. முதல் மாற்றம் இல்லாவிட்டால் ஒரு குடியும் முழுகியிருக்காது. இரண்டாவது மாற்றம் இல்லாவிட்டால் புதிதாக வருகிற ஒருவர் ஷா256 எங்கே என்று வேறு ஃபைலைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் ஆன செலவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்: பழைய பெயரில் தேடுகிறவர்களுக்குத் தொல்லை, வரலாற்றைக் காட்டும் ‘லாக்’ கட்டளைக்கு, பெயர் மாறிய ஃபைலைத் தொடரச் சொல்லும் ‘ஃபாலோ’ போடவேண்டிய கட்டாயம். செலவு ஒன்றாக இருக்கும்போது வரவை வைத்துத்தானே முடிவெடுக்க வேண்டும்?

பொய்யிலும் இன்னொரு ரகம் உண்டு, அது இதைவிட மோசம். ‘ஆக்டிவ்_கேஷ்’, ‘ஆக்டிவ்_என்ஆர்’ என்று பழைய கோடில் நிறைய இருந்தது. பார்த்தால் சாதாரண வேரியபிள் மாதிரி இருக்கும். நிஜத்தில் அது மேக்ரோ, கம்பைல் ஆகும்முன் வேறு கோடாக விரியும் சுருக்கப்பெயர். ‘தி_இண்டெக்ஸ்’ என்ற குளோபலின், அதாவது எங்கிருந்தும் தொடக்கூடிய வேரியபிளின், உள்ளே இருக்கும் ஓர் உறுப்புக்கு ஒட்டிய முகமூடி. ஒரு ஃபங்ஷனைப் படிக்கிறவர் அது குளோபலைத் தொடுகிறது என்பதையே அறியாமல் படித்து முடித்துவிடலாம். அந்த முகமூடிகளைக் கழற்றி உள்ளது உள்ளபடி எழுதிய பிறகுதான் எந்தெந்த ஃபைல் குளோபலை நம்பியிருக்கிறது என்று எண்ணவே முடிந்தது. இப்போது ‘தி_ரெபாசிட்டரி’ என்ற இன்னொரு குளோபலைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஃபைலின் தலையிலேயே ஒரு மேக்ரோவை அறிவித்துவிட்டுத்தான் பயன்படுத்த முடியும் என்று 2024இல் விதி வைத்தீர்கள். அருமையான ஏற்பாடு. படிக்கிறவன் ஏமாறக்கூடாது என்ற அதே எண்ணம்தான் அதற்கும் அடிப்படை என்று நான் நினைக்கிறேன்.

2018இல் வந்த இன்னொரு தொகுப்பு ஞாபகம் இருக்கும். ‘நியூ’, ‘திஸ்’, ‘டெம்ப்ளேட்’ என்றெல்லாம் பெயர் வைத்திருந்த வேரியபிள்களை மாற்றினார்கள், காரணம் அவை சி++ மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள், சி++ கம்பைலரும் அதைச் சார்ந்த கருவிகளும் இந்தக் கோடைப் படிக்க முடியாமல் முட்டிக்கொள்ளும். கிட் சி மொழியில் எழுதிய மென்பொருள். அதில் ‘நியூ’ என்று பெயர் வைப்பதில் ஒரு தப்பும் இல்லை, பெயர் பொய்யும் சொல்லவில்லை. எனக்கு இந்தக் காரணத்தில் அரைமனம்தான். ஆனாலும் ‘ஓல்ட்’, ‘நியூ’ என்று மொட்டையாக இருந்த இடங்களில் பழைய எது, புதிய எது என்று கொஞ்சம் விவரம் சேர்ந்ததால் சில இடங்கள் உண்மையிலேயே படிக்க எளிதாகின. சரி, அதோடு விட்டுவிடுகிறேன்.

இப்போது பிளேமுக்கு வருவோம்.

பெயர்மாற்ற கமிட் ஒன்று உள்ளே போனதும், அது தொட்ட ஒவ்வொரு வரிக்கும் பிளேம் அந்த கமிட்டைக் காட்டும், அந்த வரியை உண்மையில் எழுதியவர் மறைந்துபோவார் என்பது புகார். வெள்ளைவெளியைப் புறக்கணிக்கும் விருப்பமோ, இடம்மாறிய வரிகளைக் கண்டுபிடிக்கும் விருப்பங்களோ இதில் உதவாது, வரியே மாறிவிட்டதே. ஆனால் 2019 ஆகஸ்டில் வந்த 2.23இல் நீங்களே மருந்து கொடுத்துவிட்டீர்கள். புறக்கணிக்க வேண்டிய கமிட்களை ஒரு ஃபைலில் பட்டியல் போட்டு, கான்ஃபிகில் (அமைப்புகள் ஃபைலில்) அதைச் சுட்டிவிட்டால், பிளேம் அவற்றைத் தாண்டி முந்தைய ஆளைத் தேடிப்போகும். வரி ஒத்துப்போவதை ஊகித்துத்தான் அதைச் செய்கிறது, ஆனால் ஒரு வரியில் ஒரு சொல் மட்டும் மாறியிருக்கும் பெயர்மாற்றத்துக்கு அந்த ஊகம் பெரும்பாலும் கச்சிதமாகப் பொருந்தும். ஊகித்துச் சொன்ன வரிக்குக் கேள்விக்குறியும், ஊகிக்க முடியாத வரிக்கு நட்சத்திரமும் போடச் சொல்லவும் கான்ஃபிகில் வழி இருக்கிறது.

மருந்து நல்ல மருந்து, சாப்பிடும் முறைதான் படுத்துகிறது. கமிட்டின் முழு ஹாஷை எழுத வேண்டும், சுருக்கி எழுதினால் ஏற்காது. அந்த ஹாஷ் பேட்ச் எழுதும்போது தெரியாது, ரிபேஸ் ஆகி (வேறு கமிட்டின் மேல் மறுபடி அடுக்கப்பட்டு) மெர்ஜ் ஆன பிறகுதான் நிலைக்கும், ஆகவே பட்டியலில் சேர்க்க இன்னொரு கமிட் தனியாகப் போட வேண்டும், அதை யாரும் போடுவதில்லை. அந்தப் பட்டியல் ஃபைலை ரெப்போவை, அதாவது திட்டத்தின் களஞ்சியத்தை, குளோன் செய்தவர் ஒவ்வொருவரும் தன் கான்ஃபிகில் தானே சுட்டிக்கொள்ள வேண்டும். சோம்பல்பட்டு குளோபல் கான்ஃபிகில் போட்டு, அந்த ஃபைல் இல்லாத ரெப்போ ஒன்றில் பிளேம் பிழை சொல்லி நின்றுவிட்டதைப் பார்த்து அதையும் எடுத்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். இவ்வளவு படி ஏறினால்தான் கிடைக்கும் என்றால் அந்த வசதி இருந்தும் இல்லாதது மாதிரிதான். கமிட் செய்தியின் அடியில் ஒரு ட்ரெய்லர் வரி (பெயரும் மதிப்புமாக எழுதும் குறிப்பு) இருந்தால் பிளேம் அதைப் பார்த்துத் தானாகவே தாண்டிப் போகலாமே? ட்ரெய்லர்களைப் படிக்கவும் எழுதவும் தனிக் கட்டளையே வைத்திருக்கிறீர்கள். ஹாஷ் முன்கூட்டித் தெரியாத பிரச்சினையும் இதில் தீர்ந்துவிடும், ஏனென்றால் கமிட் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறது. ஒருவர் இதைத் தவறாகப் பயன்படுத்தி, உள்ளே பின்கதவு வைத்துவிட்டு ‘என்னைத் தாண்டிப் போ’ என்று எழுதிவிட மாட்டாரா என்று கேட்பீர்கள். எழுதலாம். அதனால்தான் இது கேட்டால் மட்டும் இயங்கும் விருப்பமாக இருக்க வேண்டும் என்கிறேன், தாண்டிய வரிகளில் அந்தக் கேள்விக்குறியும் விழ வேண்டும்.

வரலாற்றைத் தோண்டுவதற்கு பிளேம் ஒன்றுதான் வழி என்று நினைப்பதும் பழக்கதோஷம். ‘லாக்’ கட்டளையின் பெரிய எஸ் விருப்பம் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை மாறிய கமிட்களைக் காட்டும். பெயர்மாற்ற கமிட்டில் பழைய பெயரின் எண்ணிக்கை குறைகிறது, புதிய பெயரின் எண்ணிக்கை ஏறுகிறது, ஆகவே எந்தப் பெயரில் தேடினாலும் அந்த கமிட் வந்து நிற்கும். அங்கிருந்து மறுபக்கம் ஒரு தாவல், அவ்வளவுதான். கமிட் செய்தியில் பழைய பெயரும் புதிய பெயரும் முழுசாக எழுதப்பட்டிருந்தால் இன்னும் சுலபம். ‘வேரியபிள் பெயரைச் சரிசெய்தேன்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களை மட்டும் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள், அதில் நான் உங்கள் பக்கம்.

அடுத்தது மெர்ஜ். இதுதான் கனமான எதிர்ப்பு, இதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன்.

ஒரு ஃபங்ஷனில் ‘லென்’ என்று ஒரு வேரியபிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், டைரக்டரி பாதையின் நீளம் அதில் இருக்கிறது. ஒருவர் அதை ‘பேஸ்_லென்’ என்று மாற்றுகிறார், அந்த ஃபங்ஷனில் பத்து வரி மாறுகிறது. அதே சமயம் இன்னொரு பிராஞ்சில் (தனியாக ஓடும் வேலைக்கிளையில்) வேறொருவர், அந்தப் பத்து வரிக்கும் கொஞ்சம் கீழே தள்ளி, ‘லென்’னைப் பயன்படுத்தும் புதிய வரி ஒன்றைச் சேர்க்கிறார். இரண்டும் வெவ்வேறு வரிகள், ஒட்டிக்கொண்டும் இல்லை. கிட் மெர்ஜ் செய்கிறது, ஒரு கன்ஃப்ளிக்ட்டும் (மோதலும்) இல்லை, சுத்தமாக முடிந்தது என்று சொல்கிறது. கம்பைல் செய்தால் ‘லென்’ என்று ஒன்று அறிவிக்கப்படவில்லை என்று கம்பைலர் கத்துகிறது. இது நல்ல கதி. ஷெல் ஸ்கிரிப்ட்டாக இருந்தால் கத்தவும் கத்தாது, அறிவிக்காத வேரியபிளை வெற்று என்று எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். பைத்தானாக இருந்தால் அந்த வரி ஓடும்போதுதான் விழும், அந்த வரி பிழை வந்தால் மட்டும் ஓடும் பாதையில் இருந்தால் எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்.

சியிலும் கெட்ட கதி ஒன்று இருக்கிறது. பெயர் மாற்றியவர் சும்மா இருக்காமல், காலியான ‘லென்’ என்ற பெயரை எடுத்து முழுப் பாதையின் நீளத்துக்கு வைத்துவிட்டார் என்றால்? அல்லது ஃபைலின் மேலே அதே பெயரில் ஃபைல் முழுக்கத் தெரியும் ஒரு ஸ்டாடிக் வேரியபிள் ஏற்கெனவே இருந்தால்? மெர்ஜும் சுத்தம், கம்பைலும் சுத்தம், ஓடும்போது தப்பான நீளம். டெஸ்ட்களில் பாதை குட்டையாக இருந்தால் அதுவும் பிடிபடாது. இப்படி ஒன்றில் மாட்டி அல்லாடிய திட்டம் ஒன்றை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். ஆகவே பெயர்மாற்றத்துக்கு ஒரே ஒரு விதிதான் வைக்க முடியும் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்: காலியான பெயரை அதே எல்லைக்குள் வேறு பொருளில் உடனே மறுபடி பயன்படுத்தக் கூடாது. பழைய பெயர் கொஞ்ச காலம் செத்துக் கிடக்கட்டும், அப்போதுதான் அதைத் தேடி வருகிற பழைய பேட்ச் கம்பைலரிடம் மாட்டும். ஒரு ஃபங்ஷனின் பொருள் மாறும்போது அதன் பெயரையோ வாதங்களையோ வேண்டுமென்றே மாற்றிவைத்து, பழைய நினைப்பில் எழுதிய கோட் கம்பைல் ஆகாமல் செய்யும் உத்தியும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது.

கிட்டின் பராமரிப்பாளர் ஜூனியோ ஹமானோ 2005 ஜூலையிலிருந்து இந்த மெர்ஜ் தொல்லையைச் சுமக்கிறார், அவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பிராஞ்சை மெர்ஜ் செய்யும்போது கூடவே செய்யவேண்டிய இப்படிப்பட்ட சின்னத் திருத்தங்களைத் தனி ரெஃப்களில் (கமிட்களைச் சுட்டும் பெயர்களில்) வைத்துக்கொண்டு, நடந்துகொண்டிருக்கும் வேலைகளைச் சேர்த்துப் பார்க்கும் ‘சீன்’ பிராஞ்சை மறுபடி மறுபடி கட்டும்போதெல்லாம் அவற்றைத் தானாகவே ஒட்டிக்கொள்ளும் ஏற்பாடு அவரிடம் இருக்கிறது. பராமரிப்பாளரின் வேலைமுறையை விளக்கும் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். நான் பார்த்து வியந்த ஏற்பாடு அது. ஆனால் யோசித்துப் பாருங்கள், மெர்ஜ் செய்யும் மென்பொருளை எழுதுகிறவர், தன் மென்பொருளால் செய்ய முடியாத மெர்ஜுக்காகத் தன் பையில் சொந்த ஸ்கிரிப்ட் வைத்துக்கொண்டிருக்கிறார். மற்றவர்களுக்கு அந்தப் பை கிடையாது.

காக்சினெல் இருக்கிறதே என்பீர்கள். லினக்ஸ் கர்னலுக்காகப் பிறந்து, உங்கள் ரெப்போவிலும் பல ஆண்டுகளாக இருக்கும் கருவி. கோடின் வடிவத்தைப் புரிந்துகொண்டு மாற்றுகிறது, ஒரே அடியில் செய்ய முடியாத பெரிய மாற்றங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதற்கென்று ‘பெண்டிங்’ என்று தனி வகையும் வைத்தீர்கள். ஃபங்ஷன்களுக்கு அது அருமை. ஆனால் அது பேட்ச் எழுதுகிறவருக்கு உதவுகிறது, மெர்ஜ் செய்கிறவருக்கு உதவுவதில்லை.

டார்க்ஸை நினைத்துப் பாருங்கள். 2003இல் டேவிட் ரவுண்டி ஹாஸ்கெலில் எழுதி வெளியிட்ட பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், அதாவது கிட்டுக்கு இரண்டு வயது மூத்தது. அதில் ‘ரீபிளேஸ்’ என்று ஒரு பேட்ச் வகையே உண்டு. இந்த ஃபைலில் இந்தச் சொல்லை அந்தச் சொல்லாக மாற்று என்பதுதான் பேட்ச். வரிகளின் பட்டியல் இல்லை, செயலின் விவரம். ஆகவே நீங்கள் பெயரை மாற்றும்போது மற்றொருவர் பழைய பெயரில் புதிய வரி எழுதியிருந்தால், இரண்டையும் சேர்க்கும்போது அந்தப் புதிய வரியிலும் பெயர் மாறிவிடும். மேலே சொன்ன ‘லென்’ கதை அங்கே நடக்காது. புதிய பெயர் ஏற்கெனவே அந்த ஃபைலில் இருந்தால், வற்புறுத்தினால் ஒழிய, மாற்ற மாட்டேன் என்று நிற்கவும் தெரியும் அதற்கு, இல்லாவிட்டால் மாற்றியதைத் திருப்பி எடுக்கும்போது எது பழையது எது புதியது என்று பிரிக்க முடியாதே. குறை இல்லாமல் இல்லை. அது சொல்லைப் பார்க்கிறது, ஸ்கோப்பை, அதாவது பெயர் செல்லுபடியாகும் எல்லையை, பார்ப்பதில்லை. ஒரு ஃபைலில் மூன்று ஃபங்ஷன்களில் மூன்று ‘லென்’ இருந்தால் மூன்றும் மாறும், கமெண்ட்டில் இருப்பதும் மாறும். ஆனாலும் பெயர்மாற்றம் என்பது ஒரு தனிச் செயல் என்று ஒத்துக்கொண்ட மென்பொருள் அது.

கிட்டில் இதை அப்படியே கொண்டுவர முடியாது என்று தெரியும். கிட் பேட்ச்களைச் சேமிப்பதில்லை, முழு நிலையைத்தான் சேமிக்கிறது. ஃபைல் பெயர் மாறியதைக்கூடப் பதிவு செய்வதில்லை, பின்னால் ஒப்பிட்டுப் பார்த்து, இயல்பாக 50 சதவீதம் ஒத்திருந்தால் பெயர்மாற்றம் என்று கண்டுபிடிக்கிறது. அந்தத் தத்துவத்துக்கு உள்ளேயே நின்று கேட்கிறேன். மெர்ஜின்போது ஒரு பக்கத்தில் ஒரு சொல் ஒரு ஃபைலிலிருந்து முழுக்கக் காணாமல் போயிருக்கிறது, மறுபக்கம் அதே சொல்லைப் புதிய வரிகளில் சேர்த்திருக்கிறது என்றால், கன்ஃப்ளிக்ட் என்று நிறுத்த வேண்டாம், ஒரே ஒரு எச்சரிக்கை வரி போடலாமே? எதையும் பதிவு செய்யத் தேவையில்லை, ஃபைல் வடிவம் மாறத் தேவையில்லை, சொல் எண்ணிக்கை மட்டும் போதும். 2021இல் 2.34 வெளியீட்டிலிருந்து இயல்பாகிவிட்ட ‘ஆர்ட்’ மெர்ஜ் முறை ஃபைல் பெயர்மாற்றத்துக்கு இதைவிடக் கடினமான ஊகங்களை இதைவிட வேகமாகச் செய்கிறது. தவறான எச்சரிக்கைகள் வரும், ‘ஐ’, ‘பி’ போன்ற ஓரெழுத்துப் பெயர்களுக்கு நிறைய வரும், அவற்றை விட்டுவிடலாம். சொல் மட்டத்தில் பிரித்துப் பார்ப்பது உங்களுக்குப் புதிதும் இல்லை, வேர்ட் டிஃப் பல ஆண்டுகளாக அதைத்தானே செய்கிறது.

எதை மாற்றவே கூடாது என்பதிலும் எனக்குக் கருத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எல்லாவற்றையும் மாற்றத் துடிக்கிறவன் என்று நினைப்பீர்கள். உள்ளே இருக்கும் பெயர் உங்களுடையது. வெளியே போன பெயர் உங்களுடையது அல்ல. கிட்டின் முதல் நாட்களில் இண்டெக்ஸுக்கு, அதாவது அடுத்த கமிட்டில் போகவேண்டியதைக் குறித்துவைக்கும் ஃபைலுக்கு, பெயர் டைரக்டரி கேஷ். ‘.கிட்’ என்ற ஃபோல்டரே அப்போது ‘.டிர்கேஷ்’. அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது, 2023இல் ‘கேஷ்.எச்’ என்ற பெரிய ஹெட்டரையும் உடைத்து நீக்கிவிட்டீர்கள். ஆனால் இன்றைக்கும் உங்கள் இண்டெக்ஸ் ஃபைலைத் திறந்தால் முதல் நான்கு பைட் ‘டிஐஆர்சி’தான், அந்த டிர்கேஷின் சுருக்கம். வித்தியாசத்தைக் காட்டும் ‘டிஃப்’ கட்டளையில் ‘கேஷ்ட்’ என்ற விருப்பம் இன்னமும் வேலை செய்கிறது, ‘ஸ்டேஜ்ட்’ அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த புதுப் பெயர். இவற்றில் கைவைக்காதது சரி. டிஸ்க்கில் இருக்கும் எழுத்தும், உலகம் முழுக்க ஸ்கிரிப்ட்களில் இருக்கும் சொல்லும் வேரியபிள் அல்ல.

வெளியே போன பெயரை மாற்றியே தீரவேண்டும் என்றால் எப்படி மாற்றுவது என்பதும் உங்களுக்குத் தெரியும், திட்டம் தொடங்கி ஒரு மாதத்திலேயே செய்து காட்டியிருக்கிறீர்கள். 2005 மே மாதத்தில் சூழல் மாறிகளின், அதாவது மென்பொருளுக்கு வெளியிலிருந்து மதிப்பு தரும் மாறிகளின், பெயர்களை மாற்றினீர்கள். ‘ஷா1_ஃபைல்_டைரக்டரி’ என்று இருந்தது ‘கிட்_ஆப்ஜெக்ட்_டைரக்டரி’ ஆனது, மற்றவற்றுக்கும் ‘கிட்_’ என்ற முன்னொட்டு வந்தது, வேறு மென்பொருளின் மாறிகளோடு மோதாமல் இருக்க. கூடவே, புதிய பெயரில் மதிப்பு இல்லாவிட்டால் பழைய பெயரில் தேடி எடுத்துக்கொண்டு, பழைய பெயரைப் பயன்படுத்துகிறாய் என்று எச்சரிக்கும் ஒரு சின்ன ஃபங்ஷனும் வந்தது. பயனர்கள் கையளவு இருந்த காலத்திலேயே இவ்வளவு பக்குவம்.

புதிதாக வருகிறவர்கள் முதல் பேட்சாகப் பெயர்மாற்றத்தைத்தான் கொண்டுவருகிறார்கள், எடிட்டரில் ஒரு விசையை அழுத்தினால் முடிகிற வேலை என்று நினைத்து. முடியாது என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லும் ஒரு பத்தி உங்கள் வழிகாட்டியில் இருந்தால் இரண்டு பக்கமும் நேரம் மிச்சம். எடிட்டர் உங்கள் கணினியில் கம்பைல் ஆகும் கோடை மட்டும்தான் பார்க்கிறது. விண்டோஸுக்கு என்று ‘இஃப்டெஃப்’ என்ற நிபந்தனைக்குள் கிடக்கும் நான்கு வரியில் பழைய பெயர் அப்படியே நிற்கும், லினக்ஸில் எல்லா டெஸ்ட்டும் பச்சையாக இருக்கும். மேக்ரோ இரண்டு துண்டை ஒட்டி உருவாக்கும் பெயரை எந்தத் தேடலும் காட்டாது. மொழிபெயர்ப்புக்குக் குறியிட்ட செய்தி ஒன்றுக்குள் பழைய சொல் இருந்து அதையும் மாற்றிவிட்டால், ஒவ்வொரு மொழியிலும் அந்த வாக்கியத்தின் மொழிபெயர்ப்பு செல்லாமல் போய்விடும், யாரோ முகம் தெரியாத ஒருவர் மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டும்.

சோதித்துப் பார்க்கவும் சுலபமான வழி இருக்கிறது. லோக்கல் வேரியபிளின் பெயர் டீபக் (பிழை தேட உதவும்) தகவல் இல்லாத பைனரிக்குள் போவதில்லை. ஆகவே மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து, டீபக் தகவலை உரித்துவிட்டு, ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒப்பிட்டால் ஒரு பைட்டும் மாறக்கூடாது. மாறினால் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். பெயர் நீண்டதால் வரி உடைந்து கீழே இறங்கியிருந்தால், வரி எண்ணைச் சேர்த்து அச்சிடும் ‘பக்’ மேக்ரோவின் எண் மாறியிருக்கும். ‘அசர்ட்’ என்ற சோதனை வரியின் உள்ளே அந்தப் பெயர் இருந்தால் அந்தக் கோவையே எழுத்தாக பைனரியில் உட்கார்ந்திருக்கும், அதுவும் மாறும். இவை இரண்டும் இல்லாமல் மாறியிருந்தால் அது பெயர்மாற்றம் மட்டும் இல்லை, உள்ளே வேறு ஏதோ நடந்திருக்கிறது. ரிவ்யூ செய்கிறவர் நானூறு வரி டிஃப்பைக் கண்ணால் தேய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். இதைச் செய்துவிட்டேன் என்று கமிட் செய்தியில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த பேட்சை ஐந்து நிமிடத்தில் ஏற்கலாம், மறுக்கவேண்டும் என்றாலும் ஐந்து நிமிடத்தில் மறுக்கலாம்.

‘ஆர்’ என்று இருப்பதை ‘ரெப்போ’ என்று மாற்றுகிறேன் என்று ஒருவர் வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வேறு வேலையாக அந்த ஃபங்ஷனைத் திறக்கும்போது செய்துகொள்ளலாம். நீளமான பெயர் எல்லாம் நல்ல பெயர் என்று நம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. மூன்று வரி லூப்பில் ‘ஐ’ என்பதைவிட நல்ல பெயர் கிடையாது. முதன்மை பிராஞ்சின் இயல்பான பெயரை மாற்றலாமா என்று 2020இல் நடந்த விவாதத்தையும் நான் இங்கே இழுக்கவில்லை, அது பயனர்கள் கண்ணில் படும் பெயர், அதன் கணக்கே வேறு.

வழிகாட்டியில் சேர்க்கவேண்டிய பத்தியை நானே எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன். மெர்ஜ் எச்சரிக்கையை யாராவது எழுத முன்வந்தால், உங்கள் சொந்த வரலாற்றிலேயே ‘ஷா1’ போய் ‘ஓஐடி’ வந்த காலத்து மெர்ஜ்கள் வரிசையாகக் கிடக்கின்றன, அவற்றை மறுபடி ஓட்டிப் பார்த்து எத்தனை எச்சரிக்கை சரி, எத்தனை வீண் என்று எண்ணிப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கருவியைத் தினமும் திட்டிக்கொண்டே பயன்படுத்தும் ஒரு நிரலாளன்